மாறுவேடத்துக்கு விலை கொடுத்தவர்கள்

2004 அக்டோபர் 18. இரவு பதினோரு மணியை நெருங்கும் நேரம். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பாடி கிராமத்தில் ஓர் ஆம்புலன்ஸ் வேன் வந்து நின்றது. அதன்மேல் எழுதியிருந்தது சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பெயர். உள்ளே சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன், அவர் கூட்டாளிகள் சேத்துக்குளி கோவிந்தன், சந்திரகவுடா, சேதுமணி என நான்கு பேர். வீரப்பனுக்குக் கண்ணில் கோளாறு. வைத்தியம் பார்க்கத்தான் காட்டைவிட்டு வெளியே வந்திருந்தார். வண்டி நின்றதும் டிரைவரும் கூட வந்தவரும் குதித்து இருட்டுக்குள் ஓடினார்கள். இரண்டு பேருமே போலீஸ்காரர்கள். சுற்றிலும் காத்திருந்த தமிழக அதிரடிப்படை சுடத் தொடங்கியது. சுமார் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 338 குண்டுகள் சுடப்பட்டதாக அப்போது அதிரடிப்படைத் தலைவராக இருந்த கே.விஜயகுமார் பின்னாளில் தன் ஆங்கிலப் புத்தகத்தில் எழுதினார்.

இந்த இருபது நிமிடத்தைத்தான் சினிமா திரும்பத் திரும்பப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வாழப்பாடியில் இருந்து சேலம், தருமபுரி வழியாகப் போனால் பாடி நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். பாக்குத் தோப்புக்காரர்கள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் என்று நாற்பது வயதைத் தாண்டிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அந்த அக்டோபர் மாதச் செய்தி நினைவில் இருக்கும். இருபது வயதுப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு பதில் வரும். அவர்கள் கைபேசியில் படமாகவும் தொடராகவும் பார்த்தவர்கள். படத்தில் வந்ததுதான் அவர்களுக்கு நடந்தது. அதில் யார் வீரர், யார் துரோகி, யார் பலி என்பதெல்லாம் எடுத்தவர் முடிவு செய்து வைத்தது. இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

வீரப்பன் கதையைச் சொல்லும் படங்களில் அதிகம் சர்ச்சைக்கு ஆளானது ‘வனயுத்தம்’. 2013 பிப்ரவரி 14 அன்று தமிழிலும், ‘அட்டஹாசா’ என்ற பெயரில் கன்னடத்திலும் வெளியானது. இயக்குநர் ஏ.எம்.ஆர்.ரமேஷ், ராஜீவ் கொலையாளிகளின் கடைசி நாட்களை ‘குப்பி’யாக எடுத்தவர். வீரப்பனாகக் கிஷோர், காவல் அதிகாரி விஜயகுமாராக அர்ஜுன். படம் திரைக்கு வருமுன்னே வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி கோர்ட்டுக்குப் போனார். தன் வாழ்க்கையையும் தன் குடும்பத்தையும் தன்னைக் கேட்காமல் எப்படிக் காட்டலாம் என்பது அவர் கேள்வி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுப்பது என்று முடிவாகி, படம் வெளியே வந்தது.

மூன்று வருடம் கழித்து, 2016 ஜனவரி 1 அன்று ராம்கோபால் வர்மாவின் ‘கில்லிங் வீரப்பன்’. வீரப்பனை வீழ்த்தும் போலீஸ் அதிகாரியாக நடித்தவர் சிவராஜ்குமார். 2000 ஜூலை 30 அன்று தாளவாடி பக்கத்துத் தொட்டகாஜனூர் வீட்டில் இருந்து வீரப்பன் கடத்திப்போய் 108 நாள் காட்டில் வைத்திருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரின் மூத்த மகன். அப்பாவைக் கடத்தியவரை மகன் திரையில் கொல்கிறார். அந்தப் படத்தின் கதையில் முக்கியமான இடம், முத்துலட்சுமியோடு பழகித் தகவல் எடுக்க அனுப்பப்படும் ஒரு பெண்ணுக்கு. அது முழுக்கக் கற்பனையும் இல்லை. கோவையில் முத்துலட்சுமிக்கு வீடு வாடகைக்குக் கொடுத்து, அவரோடு பழகி, அதிரடிப்படைக்குத் தகவல் சொன்னதாகவும் அறிவித்த பரிசு தனக்கு வந்து சேரவில்லை என்றும் ஒரு பெண் பல வருடம் கழித்து வெளியே வந்து பேசினார். படத்தில் வரும் பெண் வேலை முடிந்ததும் கதையை விட்டுப் போய்விடுவார். நிஜத்தில் பேசிய இவரால் அப்படிப் போக முடியவில்லை.

சேலம் தந்த சி.ஐ.டி.க்கள்

வேடம் போட்ட போலீஸ்காரர் மேல் தமிழ்ப் படத்துக்கு இருக்கும் மோகம் வீரப்பனுக்கு ரொம்ப முந்தியது. அதை வளர்த்ததில் சேலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டி.ஆர்.சுந்தரம் 1935ல் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேல் படம் எடுத்த நிறுவனம். அறுபதுகளில், சுந்தரம் மறைந்த பிறகு, அந்த நிறுவனத்தின் அடையாளமாகவே துப்பறியும் படங்கள் ஆகிப்போயின. ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) இரண்டும் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு ஆக்கின. அந்தப் படங்களின் போலீஸ்காரருக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. கூட்டத்துக்குள் நுழைவார், பாட்டுக்கு ஆடுவார், கடைசி ரீலில் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவார், தியேட்டர் கைதட்டும். வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்த தலைமுறைக்கு ‘மஃப்டி போலீஸ்’ என்றால் மனதில் வரும் உருவம் அதுதான்.

அதே பத்தாண்டில் வந்த ஒரு படம் மட்டும் வேறு திசையில் போனது. தாதா மிராசி இயக்கிய ‘புதிய பறவை’ (1964). சரோஜாதேவி காதலிப்பவராக வந்து, கடைசியில் போலீஸ் என்று தெரியும்போது, அவரிடம் மனதைத் திறந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட சிவாஜியின் முகத்தைத் தியேட்டர் பார்த்தது. கொலை செய்தவர் அவர்தான். சட்டப்படி வென்றது போலீஸ். ஆனாலும் பார்த்தவர்கள் வெற்றிக் களிப்போடு வெளியே வரவில்லை. ஒருவருடைய நம்பிக்கையைக் கருவியாக எடுத்துக் குற்றத்தை நிரூபிக்கும்போது இரு பக்கத்திலும் ஏதோ ஒன்று உடைகிறது என்பதை அந்தப் படம் ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல் காட்டியது. 1995ல் பி.சி.ஸ்ரீராம் இயக்கிய ‘குருதிப்புனல்’ அந்த வழியில் இன்னும் தூரம் போனது. தீவிரவாதக் கூட்டத்துக்குள் ஆளை அனுப்பிய அதிகாரியே கூட்டத்தின் கைக்குள் சிக்கிக்கொள்ளும் கதை.

என் பார்வையில், வீரப்பனைப் பற்றி வந்த கதைப்படங்கள் ‘புதிய பறவை’ அறிந்திருந்ததைக்கூட மறந்துவிட்டு மறுபடி ‘சி.ஐ.டி. சங்கர்’ காலத்துக்கே போய்விட்டன. தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது, நடிப்பு உயர்ந்திருக்கிறது, காடு நிஜக் காடாக இருக்கிறது. கேள்வி மட்டும் கிடையாது.

வலை விரித்தவர்கள் இரு பக்கமும்

வீரப்பன் விவகாரத்தை வரிசையாக எடுத்துப் பார்த்தால், துப்பாக்கியைவிட அதிகம் வேலை செய்தது நம்ப வைத்து ஏமாற்றுவதுதான் என்று தெரியும். முதலில் அதைச் செய்தவர் வீரப்பன். கோபிநத்தம் மக்களுக்குக் கோயிலும் மருத்துவமும் செய்து கொடுத்து, வீரப்பனைப் பேசியே சரணடைய வைத்துவிடலாம் என்று நம்பிய வன அதிகாரி பி.ஸ்ரீனிவாஸை, சரணடைவதாகச் சொல்லி அனுப்பி, ஆயுதமில்லாமல் வந்தவரை 1991 நவம்பர் 10 அன்று கொன்று தலையை வெட்டினார். அதே வருடம் சித்திரையில்தான் ‘கேப்டன் பிரபாகரன்’ வெளியாகி, விஜயகாந்த் வன அதிகாரியாக வந்து சந்தனக் கடத்தல்காரனைப் பிடித்து ஊரெல்லாம் விசில் வாங்கியிருந்தார்.

அடுத்து ஷகீல் அகமது. கர்நாடக போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். வீரப்பனின் முக்கியக் கூட்டாளி குருநாதனைப் பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு. குருநாதன் சுட்டுக் கொல்லப்பட்டார். வீரப்பன் அதை மறக்கவில்லை. இன்ஃபார்மர் ஒருவர் மூலமாகத் தகவல் சொல்லி அனுப்பினார். அந்தத் தகவலை நம்பி 1992 ஆகஸ்ட் 14 அன்று மீண்யம் காட்டுப் பாதையில் போன எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் ஷகீல் அகமதுவும் உடன் போனவர்களும் சுடப்பட்டார்கள். போலீஸ் வைத்த ஆளே வீரப்பனின் வலையாக மாறியிருந்தார்.

ஷகீல் அகமதுவின் கதை அங்கே முடியவில்லை. எட்டு வருடம் கழித்து ராஜ்குமார் கடத்தப்பட்டபோது, அவரை விடுவிக்க வேண்டும் என்றால் தடா சட்டத்தில் மைசூர் சிறையில் இருப்பவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று வீரப்பன் நிபந்தனை வைத்தார். இரண்டு மாநில அரசுகளும் இறங்கி வந்தன. வழக்கைத் திரும்பப் பெற முடிவு செய்தன. கன்னட நாட்டில் நடிகருக்காக ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம், எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை. அப்போது ஒரு வயதான மனிதர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். பெயர் அப்துல் கரீம். ஷகீல் அகமதுவின் அப்பா. மகனைக் கொன்ற கூட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்டவர்களை மிரட்டலுக்குப் பயந்து விடக்கூடாது என்பது அவர் மனு. 2000 நவம்பர் 7 அன்று நீதிபதி பரூச்சா தலைமையிலான அமர்வு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்கைத் திரும்பப் பெற அரசுகள் எடுத்த முடிவு செல்லாது என்றது. அடுத்த வாரமே, நவம்பர் 15 அன்று, ராஜ்குமார் விடுதலை ஆனார்.

இந்த ஒரு வழக்கில் ஒரு முழுப் படத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. மகனை இழந்த தகப்பன், இரண்டு முதல்வர்கள், ஒரு நடிகரின் உயிர், சட்டத்தின் மானம். அந்தத் தகப்பனின் எதிர்ப்பக்கத்தில், குற்றம் நிரூபிக்கப்படாமலேயே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த மலைக்கிராமத்து ஏழைகள். யார் பக்கம் நிற்பது என்று பார்க்கிறவர் தூக்கம் கெடும். அப்துல் கரீமை நாயகனாக வைத்து ஒரு தமிழ்ப் படம் வரவே இல்லை. அவர் வேடம் போடவில்லை, துப்பாக்கி எடுக்கவில்லை, மனுதான் போட்டார்.

நடுவில் இருந்த ஊர்கள்

ஒருவர் போலீஸுக்கு உளவாளி, இன்னொருவர் வீரப்பனுக்கு உளவாளி என்று ஆகிவிட்ட பிறகு அந்தக் காட்டு ஊர்களில் யாரும் யாரையும் நம்ப முடியாமல் போனது. அரிசி கொஞ்சம் அதிகம் வாங்கினால் வீரப்பனுக்குச் சோறு போடுகிறார் என்று அதிரடிப்படை பிடித்துப் போகும். போலீஸ் முகாமில் இருந்து அடிபடாமல் திரும்பி வந்தால் ஆள்காட்டி என்று வீரப்பன் ஆட்கள் சந்தேகப்படுவார்கள். ஆள்காட்டி என்று முத்திரை குத்தி வீரப்பன் கொன்ற கிராமத்து ஆட்கள் பலர். அவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வீரப்பனை மலைமக்களின் காவலர் என்று காட்டும் பேச்சுக்கு நான் உடன்படவில்லை. அவருடைய துப்பாக்கி ஏழைகள் மேலும் திரும்பியிருக்கிறது.

அரசின் தரப்பில் நடந்தவை இன்னும் பெரிய அளவிலானவை. மாதேஸ்வரன் மலையில் விசாரணை என்ற பெயரில் சித்திரவதை நடந்த முகாமை மக்கள் ‘ஒர்க்‌ஷாப்’ என்று சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999ல் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஜே.சதாசிவா தலைமையில் ஒரு குழு அமைத்தது. மின்சாரம் பாய்ச்சப்பட்டவர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், கணவர் திரும்பி வராத பெண்கள் என்று இரு மாநிலத்து மக்கள் குழுவின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். 2007ல் ஆணையம் 89 பேருக்குச் சேர்த்து 2.80 கோடி ரூபாய் நிவாரணம் கொடுக்கச் சொன்னது. வீரப்பன் தலைக்கு அறிவிக்கப்பட்டிருந்த பரிசு 5 கோடி. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த விஷயத்தை யாரும் படமாக எடுக்கக்கூடாது என்பது என் கட்சி. ச.பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல், வீரப்பன் கொல்லப்பட்ட அதே 2004ல் வெளிவந்தது. கதைப்படங்கள் தொடத் தயங்கியதை அந்த ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டது.

வாழப்பாடியில் நின்று வடக்கே பார்த்தால் மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். அந்த மலைகளைத் தாண்டினால் அரூர்ப் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளி பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை இடித்தார்கள். ஆடுமாடுகளைக் கொன்றார்கள். கிணற்றைப் பாழாக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நடத்திய போராட்டத்தால் வழக்கு நின்றது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளி என்றது. 2023ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன், தானே ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தத் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னார். தப்பித்துக்கொண்ட உயர் அதிகாரிகள் மேலும் நடவடிக்கை வேண்டும் என்றார். 31 வருடம் ஆகியிருந்தது.

வாச்சாத்திப் பெண்கள் கூண்டில் ஏறினார்கள், அடையாளம் காட்டினார்கள், குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை என்று நாட்டுக்குத் தெரிந்தது அதனால்தான். பாடியில் நடந்த இருபது நிமிடத்துக்கு அப்படி ஒரு சோதனை எதுவும் படங்களில் இல்லை. வேனுக்குள் இருந்த நான்கு பேரும் இறந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் சாட்சி எல்லாம் போலீஸ். வீரப்பனை முன்பே பிடித்துக் கொன்றுவிட்டு நாடகம் ஆடினார்கள் என்று முத்துலட்சுமியும் மனித உரிமை இயக்கத்தினரும் குற்றம்சாட்டினார்கள். காவல்துறை மறுத்தது. இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கட்டுரையாளரும் செய்யக்கூடாது, சினிமாக்காரரும் செய்யக்கூடாது. ஆனால் படங்கள் அதைத்தான் செய்தன. ஒரு தரப்பு சொன்னதைத் திரைக்கதையாக எழுதி, ‘உண்மைச் சம்பவம்’ என்று போஸ்டரில் போட்டார்கள்.

கோர்ட் சொன்னதும் சொல்லாததும்

இப்படிப்பட்ட படங்களைத் தடை செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்பு ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்திய வழக்கில் வந்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் இருந்து எழுதிய வாழ்க்கைக் கதையை ‘நக்கீரன்’ வெளியிடத் தொடங்கியபோது, போலீஸ் அதிகாரிகளுக்கும் சங்கருக்கும் இருந்த தொடர்பு வெளியே வந்துவிடும் என்பதால் சிறைத்துறை குறுக்கே நின்றது. 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது ஆவணங்களில் இருப்பதை எழுத யார் அனுமதியும் வேண்டாம். அதற்கு அப்பால் ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் எழுதினால் அவர் நஷ்டஈடு கேட்கலாம். வெளிவருமுன்னே தடுக்க அரசுக்கும் அதிகாரிகளுக்கும் அதிகாரம் கிடையாது. ஆட்டோ சங்கர் அடுத்த வருடம், 1995 ஏப்ரல் 27 அன்று, சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

முத்துலட்சுமி 25 லட்சம் பெற முடிந்ததற்குப் பின்னால் இருப்பது இந்தச் சட்ட மரபுதான். அவருக்கு அந்த உரிமை உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போய், “எங்களைப் படத்தில் காட்டாமல் விட்டீர்களே” என்று கேட்பார்கள்? காட்டியதற்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டு, மறைத்ததற்குக் கிடையாது. அந்த இடத்தில் எடுப்பவரின் மனசாட்சியும் பார்ப்பவரின் கேள்வியும்தான் வேலை செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. வில்லியம் ஃப்ரீட்கின் 1980ல் எடுத்த ‘க்ரூஸிங்’ படத்தில், தன்பாலின ஆண்களைக் கொல்லும் ஒருவனைப் பிடிக்க அல் பசீனோ மாறுவேடத்தில் அவர்களின் விடுதிகளுக்குள் போவார். நியூயார்க்கில் படப்பிடிப்பு நடந்தபோதே அந்தச் சமூகத்தினர் தெருவில் திரண்டு விசில் ஊதிப் படப்பிடிப்பைக் குலைத்தார்கள். எங்களைக் கொலைக்களமாக மட்டும் காட்டாதே என்பது அவர்கள் கோபம். இது அந்தச் சமூகம் முழுவதையும் பற்றிய படம் இல்லை என்று படத்தின் தொடக்கத்தில் எழுதிப் போட வேண்டி வந்தது. நம் மலைக்கிராமத்து மக்களுக்கு அப்படித் திரண்டு போய்த் தடுக்கிற வசதி எங்கே இருந்தது?

நிஜ மாறுவேட வேலைக்கு வந்தால், இங்கிலாந்தின் கதையை நம் அதிகாரிகள் படிக்க வேண்டும். லண்டன் போலீஸ் 1968ல் அமைத்த ஒரு ரகசியப் பிரிவின் ஆட்கள் போராட்டக் குழுக்களுக்குள் ஆண்டுக்கணக்கில் பொய்ப்பெயரில் வாழ்ந்தார்கள். அங்கிருந்த பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள், சிலருக்குக் குழந்தைகூடப் பிறந்தது. உண்மை தெரிந்தபோது அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 2015ல் லண்டன் போலீஸ் ஏழு பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதே வருடம் ரகசியப் போலீஸ் நடவடிக்கைகளை விசாரிக்கத் தனி விசாரணை ஆணையம் அமைந்தது. மாறுவேடத்துக்கும் எல்லை உண்டு என்று ஒரு நாடு உட்கார்ந்து பேசத் தொடங்கியது.

இங்கே அந்தப் பேச்சே இல்லை. தகவல் யார் தந்தது என்று போலீஸைக் கட்டாயப்படுத்திக் கேட்கக்கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 125வது பிரிவு சொன்னது. இன்ஃபார்மரின் உயிரைக் காக்க அது தேவைதான். ஆனால் மாறுவேடத்தில் போகும் அதிகாரி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று தெளிவாக எழுதிய சட்டம் நம்மிடம் இல்லை. என்கவுன்டருக்கு மட்டும் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 விதிகளைத் தந்தது. தனி அமைப்பின் விசாரணை வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சம்பவம் நடந்த சூட்டோடு சூடாகப் பதவி உயர்வும் வீர விருதும் தரக்கூடாது என்பவை அவற்றில் சில. 2004ல் அதிரடிப்படையினருக்கு ஆளுக்கு 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு என்று உடனே அறிவிப்பு வந்ததை நினைத்துப் பார்த்தால், அந்த விதி ஏன் எழுத வேண்டியிருந்தது என்பது புரியும்.

வேடம் போட்ட போலீஸ்காரர்களைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கம் இல்லை. தமிழக அதிரடிப்படையின் உளவுப் பிரிவில் செந்தாமரைக்கண்ணன் மாதக்கணக்கில் பின்னிய வலை, ஆம்புலன்ஸில் உயிரைப் பணயம் வைத்து உட்கார்ந்திருந்த வெள்ளத்துரையும் டிரைவர் சரவணனும் காட்டிய துணிச்சல், இவை எல்லாம் உண்மை. ஸ்ரீனிவாஸ், ஹரிகிருஷ்ணா, ஷகீல் அகமது, 1993ல் பாலாற்றில் வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் சிதறிப்போனவர்கள் என்று காவல்துறையும் வனத்துறையும் கொடுத்த உயிர்கள் ஏராளம். அந்தத் துணிச்சலுக்கு மரியாதை செய்வது என்றால், அதனால் யார் யார் என்ன இழந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை.

ஓர் ஆறுதல் உண்டு. 2023ல் வந்த இரண்டு ஆவணத் தொடர்கள், செல்வமணி செல்வராஜின் ‘தி ஹன்ட் ஃபார் வீரப்பன்’, சரத் ஜோதியின் ‘கூச முனிசாமி வீரப்பன்’, கதைப்படங்களைவிட நேர்மையாக இருந்தன. முத்துலட்சுமி தன் குரலிலேயே பேசினார். அதிகாரிகள் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். இரண்டாவது தொடரில் நக்கீரன் எடுத்த பழைய வீடியோவில் வீரப்பனே பேசினார், அதிரடிப்படையிடம் சிக்கிய கிராமத்து ஆட்களும் வாய் திறந்தார்கள். பார்க்கிறவர் தானே யோசித்து முடிவுக்கு வர இடம் இருந்தது. அந்த வழியில் இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய.

மலைமக்களின் கதையும் இன்னும் முடியவில்லை. வாழப்பாடியில் இருந்து தும்பல் வழியாகக் கருமந்துறைக்கு ஏறும் பஸ்ஸில் இன்றும் மலைமக்கள்தான் வந்துபோகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாக ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டவர்கள். பெரும்பாலோர் ஜவ்வாது மலை, சித்தேரி மலை ஊர்க்காரர்கள். சந்தனம் போய்ச் செம்மரம் வந்திருக்கிறது, காட்டுக்குள் விறைத்துக் கிடப்பது அதே வீட்டுப் பிள்ளைகள்.

அடுத்து இதைப் படமாக எடுக்க வருகிற இயக்குநரிடம் ஒரு வேண்டுகோள். திரைக்கதை எழுதுமுன் ஓய்வுபெற்ற அதிகாரியைப் பாருங்கள், தப்பில்லை. அதோடு சதாசிவா குழு முன் சாட்சி சொன்னவர்களையும், வாச்சாத்தியில் முப்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்த பெண்களையும் போய்ப் பாருங்கள். அப்துல் கரீம் வழக்கின் தீர்ப்பை எடுத்து வாசியுங்கள். டிக்கெட் எடுக்கப் போகும் வாசகர்களே, அவர்கள் யாரும் அந்தப் படத்தில் இல்லை என்றால், எங்கே போனார்கள் என்று இயக்குநரிடம் கேளுங்கள்.